குயின்ஸ்லாந்தின் சவுண்டல் மேய்ச்சல்: தனியாக வந்த மரமும் தேடிக் கொண்டுவந்த துணைகளும்

சவுண்டல் என்றும் சூபாபுல் என்றும் சொல்லப்படும் மரத்தை ஆடு வளர்ப்பவர்களுக்கு அறிமுகப்படுத்தத் தேவையில்லை. கிணற்றடியிலோ வேலியோரத்திலோ நான்கைந்து மரம் நிற்கும். கோடையில் புல் காய்ந்ததும் கிளையை ஒடித்துப் பட்டியில் கட்டித் தொங்கவிடுவார்கள். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் இதே மரத்தை ஒரு லட்சம் ஹெக்டேருக்கு மேல் வரிசை வரிசையாக விதைத்து, இறைச்சி மாடுகளை அதற்குள்ளேயே விட்டு மேய்க்கிறார்கள். வரிசைகளுக்கு நடுவே வளரும் புல்லும் நமக்குப் புதிதல்ல. கொங்குநாட்டுக் கொறங்காடுகளில், அதாவது வேலியடைத்த மானாவாரி மேய்ச்சல் நிலங்களில், காங்கேயம் மாடுகள் மேய்கின்ற கொழுக்கட்டைப் புல்தான் அது.

சவுண்டல் பயறுக் குடும்பத்து மரம். பயறுவகைத் தீவனம் மண்ணுக்கும் நல்லது, மாட்டுக்கும் நல்லது என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போவது வேளாண் பிரசுரங்களின் வழக்கம். அந்த ஒரு வரி குயின்ஸ்லாந்தில் நடைமுறையாவதற்குள் ஒரு தலைமுறை கடந்துவிட்டது. மரத்தில் குறை எதுவும் இல்லை. விதையாகக் கப்பலேறிய மரம், தன் தாய்நாட்டில் வேரோடும் மாட்டு வயிற்றோடும் வாழ்ந்த நுண்ணுயிர்களை விட்டுவிட்டு வந்திருந்தது. அவற்றை ஒவ்வொன்றாகத் தேடிக் கொண்டுவந்து சேர்த்த கதைதான் இந்த ஆய்வின் மையம்.

மண் இளைத்த கதை

மத்திய குயின்ஸ்லாந்தின் களிமண் நிலங்களில் ஒரு காலத்தில் பிரிகலோ என்ற வேலமர வகை அடர்ந்த காடாக நின்றது. 1962-இல் தொடங்கிய அரசுத் திட்டத்தில் இந்தக் காடு பெருமளவில் அழிக்கப்பட்டது. இரண்டு டிராக்டர்களுக்கு நடுவே கனத்த சங்கிலியைக் கட்டி இழுத்து மரங்களைச் சாய்த்து, எரித்து, சாம்பல் மீது கொழுக்கட்டைப் புல்லை விதைத்தார்கள். ஆப்பிரிக்காவுக்கும் இந்தியாவுக்கும் உரிய இந்தப் புல், பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒட்டகச் சேணங்களின் திணிப்புக்குள் ஒளிந்து ஆஸ்திரேலியாவுக்கு வந்தது என்று சொல்வதுண்டு. அங்கே வளர்க்கப்படும் ரகங்களில் ஒன்றின் பெயர் பிலோயிலா. தமிழ் அகதிக் குடும்பம் ஒன்றை நாடு கடத்தக் கூடாது என்று ஊரே திரண்டு நின்றதால் 2018-க்குப் பிறகு நம் செய்தித்தாள்களிலும் இடம்பிடித்த அதே பிலோயிலா ஊரின் பெயர்தான். சவுண்டல் மேய்ச்சல் வேரூன்றிய பகுதியும் அந்த ஊரைச் சுற்றித்தான் இருக்கிறது.

முதல் சில ஆண்டுகள் புல் அமோகமாக வந்தது. பிரிகலோவும் பயறுக் குடும்பத்து மரம்தான். அது நூற்றாண்டுகளாக மண்ணில் சேர்த்து வைத்த தழைச்சத்தை, அதாவது நைட்ரஜனை, புல் அள்ளி உண்டது. பிறகு விளைச்சல் படிப்படியாகச் சரிந்து, பல இடங்களில் பாதியாகிவிட்டது. தழைச்சத்து மண்ணைவிட்டு வெளியேறிவிடவில்லை. புல்லின் வேரும் சருகும் மக்கும்போது, அவற்றை மக்கவைக்கும் நுண்ணுயிர்களே இருக்கும் தழைச்சத்தைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. மண்ணில் சத்து இருக்கும், புல்லுக்குக் கிடைக்காது. யூரியா போட்டால் தீரும்தான். ஆனால் ஆயிரக்கணக்கான ஹெக்டேரில் யூரியா தூவிப் புல் வளர்த்து இறைச்சி விற்கிற கணக்கு யாருக்கும் கட்டுப்படியாகாது.

தழைச்சத்துக் குறைவு முதலில் தெரிவது வறண்ட மாதங்களில். அசைபோடும் மாட்டின் பெருவயிற்றில் நாரைச் செரிக்கும் நுண்ணுயிர்கள் ஒழுங்காக வேலை செய்ய வேண்டுமானால் தீவனத்தின் உலர் எடையில் சுமார் 7 சதவீதமாவது புரதம் வேண்டும். காய்ந்த கொழுக்கட்டைப் புல்லில் அது அதற்குக் கீழே இறங்கிவிடுகிறது. அப்போது முழங்கால் உயரப் புல் கண்ணெதிரே நின்றாலும் மாடு இளைக்கும். தின்றது செரிக்காமல் வயிற்றிலேயே கிடப்பதால் மேற்கொண்டு தின்னவும் செய்யாது. சவுண்டல் இலையில் புரதம் 20 சதவீதத்துக்கு மேல். அதில் கொஞ்சம் கிடைத்தாலே வயிற்று நுண்ணுயிர்கள் சுறுசுறுப்பாகி, அதுவரை செரிக்காத புல்லும் செரிக்கத் தொடங்கும். பயறுவகையின் பலனைக் கணக்கிடும்போது இலையில் உள்ள புரதத்தை மட்டும் எண்ணுவது போதாது என்பது என் கருத்து. அந்த இலை செரிக்க வைக்கும் புல்லும் அதே கணக்கில் சேர வேண்டும்.

மரமும் நஞ்சும்

சவுண்டலின் தாயகம் மெக்சிகோவும் மத்திய அமெரிக்காவும். ஸ்பானியர்களின் கப்பல்களில் பிலிப்பைன்ஸ் போய், அங்கிருந்து வெப்ப நாடுகள் எங்கும் பரவியது. ஆஸ்திரேலிய அரசின் அறிவியல் ஆராய்ச்சி நிறுவனமான சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. 1950-களிலேயே இதன் ரகங்களைச் சேகரித்துச் சோதித்தது. 1962-இல் பெரு என்ற ரகம் வெளிவந்தது. மார்க் ஹட்டன் தலைமையில் உருவான கன்னிங்ஹாம் ரகம் 1976-இல் வந்தது. இரண்டும் அடியிலிருந்தே கிளைத்து மாட்டுக்கு எட்டும் உயரத்தில் இலை தருபவை. ஆழமான களிமண்ணில் பல மீட்டர் கீழே வேர் விடும். மேற்புறம் காய்ந்து வெடித்த பிறகும் அடியில் உள்ள ஈரத்தை எடுத்துப் பச்சையாக நிற்கும்.

இவ்வளவு இருந்தும் பரப்பு கூடவில்லை. காரணம் மாடுகளின் உடம்பில் தெரிந்தது. வால் முடி கொட்டியது, எச்சில் ஒழுகியது, பசி குறைந்தது. கழுத்துச் சுரப்பியான தைராய்டு வீங்கியது. பிறந்த கன்றுகள் சிலவற்றுக்கும் கழலை இருந்தது. நல்ல தீவனம் தின்ற மாடு எடை கூடாமல் நின்றது.

சவுண்டல் இலையில் மிமோசின் என்ற அமினோ அமிலம் இருக்கிறது. குதிரை, பன்றி போன்ற அசைபோடாத பிராணிகள் தின்றால் பிடரியும் வாலும் கொட்டிப்போவதற்கு இதுதான் காரணம். மாட்டின் பெருவயிற்றில் மிமோசின் உடைந்து டி.எச்.பி. என்ற இன்னொரு பொருளாகிவிடுகிறது. முடி கொட்டும் அபாயம் இதனால் குறைகிறது. ஆனால் டி.எச்.பி. தைராய்டு சுரப்பைத் தடுக்கும் பொருள். இந்த இரண்டாவது நஞ்சை அடையாளம் கண்டதும் சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. விஞ்ஞானிகள்தான். ஒரு நஞ்சைத் தீர்க்கும் வயிறு இன்னொன்றை உண்டாக்குவதால், உணவில் சவுண்டலை மூன்றில் ஒரு பங்குக்குள் நிறுத்திக்கொள்ளுங்கள் என்பதுதான் அன்றைக்கு விவசாயிக்குச் சொல்லப்பட்டது. தொட்டியில் வெட்டிப் போடுபவருக்கு அது பயன்படும் அறிவுரை. நூற்றுக்கணக்கான மாட்டைத் திறந்த நிலத்தில் விட்டுவிட்டுப் போகிறவர், எந்த மாடு எவ்வளவு தின்றது என்பதை எங்கே போய் அளப்பார்?

ஹவாய் ஆடுகள்

டவுன்ஸ்வில்லில் இருந்த சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. ஆய்வகத்தில் பணியாற்றிய ரேமண்ட் ஜோன்ஸ் ஹவாய்த் தீவுகளில் ஒரு முரண்பாட்டைப் பார்த்தார். அங்கே சவுண்டல் காடாக மண்டிக்கிடக்கிறது. ஆடுகள் அதையே வயிறாரத் தின்கின்றன. முடியும் கொட்டவில்லை, கழலையும் இல்லை. மரம் அதே மரம், மிமோசினும் அதே மிமோசின். ஆடுகளின் சிறுநீரைச் சோதித்தபோது, ஆஸ்திரேலிய விலங்குகளில் ஏராளமாக வெளியேறிய டி.எச்.பி. இங்கே மிகக் குறைவாக இருந்தது. வயிற்றுக்குள்ளேயே ஏதோ அதை அழித்துக்கொண்டிருக்க வேண்டும்.

1981-இல் ஆஸ்திரேலிய கால்நடை மருத்துவ இதழில் அவர் அதை எழுதினார். ஹவாய் ஆடுகளின் பெருவயிற்றில் டி.எச்.பி.யைச் சிதைக்கும் பாக்டீரியா இருக்கிறது, ஆஸ்திரேலிய விலங்குகளிடம் அது இல்லை என்பது அவருடைய அனுமானம். சவுண்டல் ஆஸ்திரேலியாவுக்கு வந்தது விதையாக. விதைக்குள் வயிற்று நுண்ணுயிர் எப்படி வரும்? அடுத்து நடந்தவை அனுமானத்தைச் சோதித்த பரிசோதனைகள். இந்தோனேசிய ஆடு ஒன்றின் பெருவயிற்றுச் சாற்றை ஆஸ்திரேலிய ஆடுகளுக்குச் செலுத்தியதும் அவையும் டி.எச்.பி.யைச் சிதைக்கத் தொடங்கின. 1984-இல் வந்த கட்டுரை அது. ஹவாய் ஆடுகளிலிருந்து எடுத்த பாக்டீரியாவை ஆஸ்திரேலிய மாடுகளுக்கு வெற்றிகரமாக மாற்றியதை 1986-இல் வெளியான கட்டுரை விவரித்தது. நஞ்சால் தேங்கிய மாடுகள் அதே நிலத்தில் அதே இலையைத் தின்று எடை கூடின.

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் மில்டன் ஆலிசனின் குழு அந்த பாக்டீரியாவைத் தனித்துப் பிரித்தது. 1992-இல் அதற்கு சினர்ஜிஸ்டிஸ் ஜோன்சியை என்று பெயர் வைத்தார்கள். பின்பாதி ஜோன்ஸின் பெயர். மாட்டு வயிற்றில் வாழ்ந்தும் மாவுச்சத்து, சர்க்கரை எதையும் தொடாமல், சில அமினோ அமிலங்களையும் டி.எச்.பி.யையும் வைத்தே பிழைக்கிற வினோதமான உயிர் இது. பின்னாளில் பாக்டீரிய உலகத்தின் ஒரு பெரும் பிரிவுக்கே இதன் பெயரைத்தான் வைத்தார்கள். மாட்டுத் தீவனப் பிரச்சினை ஒன்று உயிரியல் வகைப்பாட்டுக்கு ஒரு தொகுதியைத் தந்தது என்பதைக் கால்நடைத் துறைக்காரர்கள் கொஞ்சம் மார்தட்டிச் சொல்லிக்கொள்ளலாம்.

1990-களின் நடுவில் குயின்ஸ்லாந்து அரசு இந்த பாக்டீரியா அடங்கிய கலவையைப் பிராணவாயு படாத நொதிகலங்களில் வளர்த்து விவசாயிகளுக்கு விற்கத் தொடங்கியது. வாய்வழியாக ஊற்ற வேண்டும். மந்தை முழுவதற்கும் கொடுக்கத் தேவையில்லை. ஒரு பகுதிக்குக் கொடுத்துவிட்டு எல்லா மாடுகளையும் சேர்த்து மேயவிட்டால் மற்றவற்றுக்கும் பரவிவிடும். ஊற்றுவதற்கு முன்பே அந்த மாடுகள் சவுண்டல் தின்று பழகியிருக்க வேண்டும். வயிற்றில் டி.எச்.பி. இல்லாவிட்டால் புதிதாகப் போகும் பாக்டீரியாவுக்கு இரை கிடையாது.

வேரில் ஒன்று, இலையில் ஒன்று

வேருக்கும் ஒரு துணை தேவைப்பட்டது. பயறுவகை எல்லாமே தழைச்சத்தைக் காற்றிலிருந்து பிடித்துத் தரும் என்று நாம் பேசுகிறோம். பிடிப்பது செடி அல்ல, வேர்முடிச்சில் குடியிருக்கும் ரைசோபியம் என்ற பாக்டீரியா. அதுவும் ஆளுக்கு ஆள் ஒத்துவராது. தட்டைப்பயறுக்கு ஒத்துவரும் வகை சவுண்டலுக்கு ஒத்துவருவதில்லை. அதற்கேற்ற வகையைத் தேர்ந்தெடுத்து விதையோடு கலந்து விதைத்தால்தான் முடிச்சு பிடிக்கிறது. செடி வெளிறி நின்றால் குழி தோண்டி முடிச்சைக் கிள்ளிப் பார்ப்பார்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் வேலை நடக்கிறது. வெள்ளையாகவோ பச்சையாகவோ இருந்தால் அந்தச் செடி புல்லைப்போல மண்ணின் தழைச்சத்தைத்தான் தின்றுகொண்டிருக்கிறது.

இந்த இரண்டு துணைகளையும் மனிதர்கள் தேடிக் கொண்டுவர வேண்டியிருந்தது. மூன்றாவது ஒன்று அழைப்பில்லாமல் வந்தது. சில்லிட் என்கிற, கடுகைவிடச் சிறிய சாறு உறிஞ்சும் பூச்சி. இதன் தாயகமும் சவுண்டலின் தாயகம்தான். 1980-களின் நடுவில் ஹவாய், பிலிப்பைன்ஸ் என்று தாவித் தாவி 1986-இல் ஆஸ்திரேலியாவை அடைந்தது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் இந்தியாவுக்கும் வந்துவிட்டது. இளந்தளிரில் முட்டையிட்டுச் சாற்றை உறிஞ்சினால் குருத்து சுருங்கிக் கருத்துவிடும். கடலோர ஈரப்பகுதிகளில் இதன் தாக்குதல் கடுமையாக இருந்தது. உள்நாட்டின் வறண்ட பகுதிகளில் குறைவு. மேய்ச்சல் சவுண்டல் இன்றைக்கு மழை குறைந்த உள்நாட்டில் குவிந்திருப்பதற்கு மண் மட்டும் காரணமல்ல, இந்தப் பூச்சியும்தான்.

பூச்சியைத் தாங்கும் பல்லிடா என்ற உறவு இனத்தோடு சவுண்டலைக் கலப்பினம் செய்து, திரும்பத் திரும்பச் சவுண்டலோடு சேர்த்து, குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகம் ரெட்லண்ட்ஸ் என்ற ரகத்தை உருவாக்கியது. ஈரப்பகுதிகளுக்கு அது வழி திறந்தது. மாடுகளுக்கு அதன் ருசி கொஞ்சம் மட்டோ என்ற சந்தேகமும் கூடவே எழுந்து, அதற்கென்றே தனிச் சோதனைகள் நடத்த வேண்டியதாயிற்று. பூச்சிக்குப் பிடிக்காத இலை மாட்டுக்கு மட்டும் பிடிக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது கொஞ்சம் பேராசைதான்.

முதல் ஆண்டு

சவுண்டலில் தோற்றவர்களைக் கேட்டால் நஞ்சையோ பூச்சியையோ பெரிதாகச் சொல்வதில்லை, முளைப்பைத்தான் சொல்கிறார்கள். விதைத்தோல் தண்ணீர் புகாதபடி கெட்டியானது. தோலைச் சுரண்டியோ சுடுநீரில் நனைத்தோதான் விதைக்க வேண்டும். நம் பண்ணைகளிலும் 80 டிகிரி வெந்நீரில் சில நிமிடங்கள் போட்டெடுக்கிற பழக்கம் உண்டு. கொதிக்கும் நீரில் விட்டுவிட்டால் விதை வெந்துபோகும்.

அதைவிடப் பெரிய பிரச்சினை, நாற்று மெதுவாக வளர்வது. முதல் சில மாதங்கள் அது வேருக்குத்தான் செலவழிக்கிறது. மேலே பார்த்தால் நான்கு இலையோடு சவலைப்பிள்ளை மாதிரி நிற்கும். பக்கத்தில் கொழுக்கட்டைப் புல் இருந்தால் ஈரத்தை எல்லாம் அது உறிஞ்சிக்கொள்ளும். ஆகவே விதைப்பதற்கு முன் ஒரு மழைக்காலம் முழுக்க நிலத்தை உழுதோ களைக்கொல்லி அடித்தோ வெறுமனே போட்டு, அடிமண்ணில் ஈரம் சேர்க்க வேண்டும். விதைத்த பிறகும் வரிசையின் இருபக்கமும் புல் அண்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மேய்ச்சல் நிலம் என்று நினைத்து விதையைத் தூவிவிட்டு வந்தவர்கள் தோற்றார்கள். பருத்தியோ சோளமோ பயிரிடுவதுபோல நிலம் தயாரித்தவர்கள் ஜெயித்தார்கள். தலைமுறையாக மாடு மட்டுமே வளர்த்த குடும்பங்களிடம் உழுகருவியும் களைக்கொல்லித் தெளிப்பானும் இருப்பதில்லை. தயக்கத்துக்கு இதுவும் ஒரு காரணம்.

புல்லைச் சமாளித்தால் அடுத்து கங்காருவும் அதன் சிறிய உறவான வாலபியும். நூறு ஹெக்டேரில் விதைத்தால் கடித்த இடம் அவ்வளவாகத் தெரியாது. பத்து ஹெக்டேரில் சோதனைக்காக விதைத்தவர் காலையில் போய்ப் பார்த்தால் வரிசையே இருக்காது. சிறிதாகத் தொடங்கிப் பார்க்கலாம் என்ற விவசாயியின் இயல்பான எச்சரிக்கை இந்தப் பயிரில் எதிராகத் திரும்பிவிடுகிறது.

வரிசைகளுக்கு இடையே 6 முதல் 10 மீட்டர் விடுகிறார்கள். மரம் வேர் பிடித்த பிறகுதான் நடுவில் புல் விதைப்பு. நன்றாக அமைந்த தோட்டம் முப்பது நாற்பது ஆண்டுகள் பலன் தருகிறது. அதுவரை பராமரிப்பே வேண்டாம் என்று சொல்ல முடியாது. மாடு எட்டாத உயரத்துக்கு வளர்ந்துவிட்டால் எந்திரத்தால் வெட்டிவிட வேண்டும். பனி கொட்டும் பள்ளங்களில் இலை கருகி உதிரும். ஆண்டுகள் போகப் போக மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) கந்தகச்சத்தும் குறைந்து விளைச்சல் தளர்வது அளந்து காட்டப்பட்டிருக்கிறது. தழைச்சத்தைத் தானே தயாரிக்கும் செடிக்கு உரமே வேண்டாம் என்று நம்பியவர்களுக்கு அது தாமதமாக வந்த பில்.

கிடைத்தது என்ன

நல்ல மழையும் நல்ல மண்ணும் அமைந்த ஆண்டில் சவுண்டலும் புல்லும் உள்ள நிலத்தில் ஒரு மாடு 250 முதல் 300 கிலோ வரை எடை கூடுகிறது. புல் மட்டும் உள்ள நிலத்தைவிட இது நூறு கிலோ அளவுக்குக் கூடுதல். ஒரே நிலத்தில் கூடுதல் மாடுகளையும் விட முடிகிறது. விற்பனை எடையை மாடு முன்கூட்டியே எட்டுவதுதான் விவசாயியின் பையில் தெரிகிற லாபம். தானியம் போட்டுக் கொழுக்க வைக்கும் பட்டிகளுக்கு அனுப்பாமலே ஏற்றுமதித் தரத்துக்குக் கொண்டுவந்துவிடலாம்.

இதில் காலநிலைக் கணக்கும் கலந்திருக்கிறது. அசைபோடும்போது மாடு விடும் மீத்தேன், சவுண்டல் கலந்த உணவில் குறைவதை அளவீடுகள் காட்டியிருக்கின்றன. இலையில் உள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருளுக்கு அதில் பங்கு உண்டு. ஒரு மாடு ஒரு நாளில் விடும் மீத்தேன் எவ்வளவு குறைகிறது என்பதோடு நிறுத்திக்கொண்டால் பாதிக் கணக்குதான் கிடைக்கும். நான்கு ஆண்டு மேய்ந்து எட்டும் எடையை மூன்று ஆண்டில் எட்டினால் கடைசி ஓராண்டின் மீத்தேன் முழுவதும் மிச்சம். ஆனால் விவசாயி அந்த இடத்தில் இன்னொரு மாட்டைக் கொண்டுவந்து விடாமல் இருந்தால்தான் அது மிச்சமாகிறது.

மண்ணிலும் மாற்றம் தெரிந்தது. நீண்டகாலச் சவுண்டல் வரிசைகளின் மண்ணில் பக்கத்துப் புல் நிலத்தைவிடக் கரிமமும் தழைச்சத்தும் கூடியிருப்பதை குயின்ஸ்லாந்து பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். தழைச்சத்து வேரிலிருந்து நேராகப் புல்லுக்குப் போவது குறைவு. உதிர்ந்த இலை, சாணம், மூத்திரம் என்று மாட்டின் வழியாகச் சுற்றித்தான் போகிறது. அதனால் வரிசையோரப் புல் கரும்பச்சையாகவும் நடுப்புல் சற்று வெளிறியும் நிற்கும். தண்ணீர்த்தொட்டியைச் சுற்றி மாடு படுக்கும் இடத்தில் சத்து தேவைக்கு மேல் குவிந்துவிடும். அடைப்புகளை மாற்றி மாற்றி மேய்த்தால்தான் அது நிலமெங்கும் பரவும்.

களை என்ற வழக்கு

உலகின் மிக மோசமான நூறு ஆக்கிரமிப்பு உயிரினங்கள் என்று சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் வெளியிட்ட பட்டியலில் சவுண்டலும் இருக்கிறது. ஒரு மரம் ஆயிரக்கணக்கில் விதை தரும், விதை மண்ணில் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும், வெள்ளம் வந்தால் ஆற்றோரமெல்லாம் முளைக்கும். மாடு மேயும் இடத்தில் அது அடங்கி இருக்கிறது. மாடு போகாத ரயில் பாதையிலும் நகரத்து ஓடைக்கரையிலும் புதராகிறது.

2000-ஆம் ஆண்டில் சவுண்டல் வளர்ப்போரே ஒரு கூட்டமைப்பை அமைத்துத் தங்களுக்கென்று நடத்தை விதிகளை எழுதிக்கொண்டார்கள். ஓடைக்கரையிலும் வெள்ளம் பாயும் தாழ்விலும் நடாதே, வேலியிலிருந்து விலகி நடு, காய் முற்றவிடாமல் மேய்த்துவிடு, தப்பியதை அழி என்பன அவற்றின் சாரம். தானாக முன்வந்து ஏற்கும் விதிகள் இவை. இயற்கை ஆர்வலர்கள் இதை நம்பத் தயாராக இல்லை. மேற்கு ஆஸ்திரேலியா தன் வடபகுதியில் அனுமதிக்கவே தயங்கியது. விதை பிடிக்காத சவுண்டலை உருவாக்கும் இனப்பெருக்க முயற்சியும் அங்கே நடந்திருக்கிறது. இந்த வழக்கில் என் சாய்வு ஆர்வலர்கள் பக்கம். காய் முற்றும் முன் மேய்க்க வேண்டும் என்ற விதி, மாட்டு விலை சரிந்து மந்தையைக் குறைத்த ஆண்டில் என்னவாகும் என்பதற்கு அந்த விதிப்புத்தகத்தில் பதில் கிடையாது.

ஜோன்ஸின் பாக்டீரியா மறுபடி விசாரணையில்

பாக்டீரியா ஊற்றிய மந்தைகளிலும் கணிசமானவற்றின் சிறுநீரில் டி.எச்.பி. ஏராளமாக இருப்பதை 2000-களில் நடந்த கள ஆய்வுகள் காட்டின. கலவை நீர்த்துப்போனதா, மாட்டு வயிற்றில் தங்கவில்லையா என்று வாதம் கிளம்பியது. அதே சமயம் கிழக்கு இந்தோனேசியாவிலிருந்து வேறு ஒரு செய்தி வந்தது. அங்கே காளைகளைக் கொட்டகையில் கட்டிச் சவுண்டல் இலையை ஏறக்குறைய முழு உணவாகவே கொடுத்துக் கொழுக்க வைக்கிறார்கள். யாரும் எந்த பாக்டீரியாவையும் ஊற்றுவதில்லை. அவற்றின் சிறுநீரில் டி.எச்.பி. நிறைய இருக்கிறது. காளைகளோ பளபளவென்று இருக்கின்றன.

வெளியேறும் டி.எச்.பி. பெரும்பாலும் வேறொரு மூலக்கூறோடு பிணைக்கப்பட்டிருந்ததைப் பரிசோதனையில் கண்டார்கள். கல்லீரல் செய்யும் வேலை அது. அப்படிப் பிணைந்த டி.எச்.பி. தைராய்டைத் தொந்தரவு செய்வதில்லை. புதிதாகச் சவுண்டலுக்கு வரும் மாடு முதல் சில வாரங்கள் அவதிப்பட்டுப் பிறகு தேறுவதற்கு இதுவே விளக்கம் என்று குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தின் மேக்ஸ் ஷெல்டனும் சக ஆய்வாளர்களும் 2019-இல் எழுதினார்கள். பாக்டீரியா ஊற்றுவது அவசியம்தானா என்பதே அவர்கள் தலைப்பில் எழுப்பிய கேள்வி. சினர்ஜிஸ்டிஸ் பல நாடுகளின் கால்நடைகளில் சிறிய எண்ணிக்கையில் ஏற்கெனவே இருப்பதும் தெரியவந்திருக்கிறது.

இதை வைத்து ஜோன்ஸ் கண்டது தவறு என்று சொல்லிவிட முடியாது. 1980-களில் அவருடைய மாடுகள் தேறியது உண்மை. அந்த பாக்டீரியா டி.எச்.பி.யைச் சிதைப்பதும் உண்மை. மாட்டுக்குத் தற்காப்பு ஒன்றல்ல, இரண்டு என்பதுதான் புதிதாகத் தெரிந்தது. கால்நடைக்காரர்கள் மத்தியில் இன்னும் இரு கட்சி இருக்கிறது. ஊற்றுவதற்கு ஆகும் செலவு மாட்டு விலையோடு பார்த்தால் அற்பம். அதனால் பலர் வாதத்தில் இறங்காமல் ஊற்றிவிட்டுப் போகிறார்கள்.

இங்கே எடுத்துக்கொள்ளத்தக்கது

குயின்ஸ்லாந்தின் முறையைத் தமிழ்நாட்டில் அப்படியே நட முடியாது. அங்கே ஓர் அடைப்பே நம் ஊர் கிராமம் அளவு இருக்கும். ஆனால் கொறங்காட்டில் அதே சேர்க்கை வேறு உருவில் முன்பே இருக்கிறது. கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், ஆங்காங்கே வெள்வேல் மரம், மழைக்குத் தானாக முளைக்கும் நரிப்பயறு. வெள்வேலும் பயறுக் குடும்பம்தான். கோடையில் அதன் காய் உதிர்ந்து தீவனமாகிறது. இங்கே மண்ணும் மரமும் மாடும் ஒன்றாகவே வளர்ந்தவை, தாயகத்தில் விட்டுவிட்டு வந்த துணை என்று எதுவும் கிடையாது. கொறங்காட்டில் சவுண்டலைக் கொண்டுபோய் விதைக்கச் சொல்பவர்கள் அது களையாகும் ஆபத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். புல்லோடு முயல்மசாலோ வேலிமசாலோ சேர்ப்பது அதைவிடப் பாதுகாப்பானது. இரண்டும் பல்லாண்டுப் பயறுவகைத் தீவனத் தாவரங்கள், நம் மானாவாரி நிலத்துக்குப் பழகியவை, விதையும் கிடைக்கிறது.

சவுண்டல் வைப்பதென்றால் வேலியோரத்தில் வைத்து, காய் விடுவதற்குள் வெட்டி, ஆட்டுக்கும் மாட்டுக்கும் பசுந்தீவனத்தில் மூன்றில் ஒரு பங்குக்குள் கலந்து போடுவதே போதும். புதிய ஆடுகளுக்குக் கொஞ்சமாகத் தொடங்கிச் சில வாரங்களில் கூட்ட வேண்டும். கிராமத்துப் புறம்போக்கு மேய்ச்சலில் எந்தப் பல்லாண்டுப் பயறு விதைத்தாலும் கேள்வி ஒன்றுதான். முதல் ஆண்டு ஆடு மாடு உள்ளே போகாமல் யார் காவல் காப்பது? சொந்தக் கொறங்காட்டுக்கு முள்வேலியும் படலும் இருக்கின்றன. பொது நிலத்துக்கு அதை ஊர்க்கூட்டம் பேசி முடிவு செய்த பிறகுதான் விதை வாங்கப் போக வேண்டும்.